மூக்கு ஆபரேஷனில் எலும்பு வெட்டும் உளி: கூரும் மழுக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பதினேழு வருடமாக காது மூக்கு தொண்டை தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். மூக்கெலும்பு வெட்டும் உளிகளைக் கழுவி, கூர் பார்த்து, சாணை பிடித்து, ட்ரேயில் அடுக்குவதும் என் வேலை. புதிதாக வரும் சிஸ்டர்கள், டெக்னீஷியன்கள், மேற்படிப்புக்கு வரும் டாக்டர்கள், சில நேரம் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிகள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். எங்கள் ட்ரேயோடு ஒரு தாள் வரும். அதில் "ஆஸ்டியோடோம் – 4" என்று இருக்கும், ஆஸ்டியோடோம் என்பது இந்த உளியின் பெயர். நாலும் இருக்கிறதா என்று பார்த்து டிக் போடுவோம். நாலும் வெட்டுமா என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

மூக்குக்குள் உளியும் சுத்தியலுமா? எதற்கு?

மூக்கின் மேல் பகுதி எலும்பு, கீழ்ப் பகுதி குருத்தெலும்பு. மூக்குத் தண்டின் மேட்டைச் செதுக்கி எடுத்துவிட்டால், ஓடு பிரித்த கூரை மாதிரி நடுவில் இடைவெளி விழும். இரண்டு பக்கத்து எலும்பையும் அடியோரமாக வெட்டி உள்ளே சாய்த்தால்தான் அது மூடும். அடிபட்டுக் கோணலாகக் கூடிப்போன மூக்கை நேராக்கவும் இதே மாதிரி வெட்ட வேண்டியிருக்கும். மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறவர்களுக்குச் செய்யும் செப்டோபிளாஸ்டியிலும் உளி வரும். அங்கே சுவரின் அடியில் முள் மாதிரி துருத்தி நிற்கும் எலும்பை எடுக்கிறோம்.

நூறு வருடத்துக்கு முன் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற மருத்துவர் (1865–1934) இந்தப் பக்கவாட்டு வெட்டைச் சின்ன ரம்பத்தால் போட்டார். ரம்பம் எலும்புத்தூளை உள்ளேயே விட்டுவிடும். அறுக்க இடமும் அதிகம் வேண்டும். பின்னால் வந்தவர்கள் உளிக்கு மாறியதில் ஆச்சரியமில்லை.

சிசல், ஆஸ்டியோடோம், கௌஜ் மூன்றும் ஒன்றா?

பேச்சில் எல்லாவற்றையும் உளி என்றுதான் சொல்கிறோம். வேறுபாடு வெட்டும் வாயில் இருக்கிறது. சிசலுக்கு ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை, ஆசாரி கையில் இருக்கும் உளி மாதிரி. அடிக்க அடிக்க அது ஒரு பக்கமாக ஒதுங்கும், செதுக்கி எடுக்க அது நல்லது. ஆஸ்டியோடோமுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிவு, அதனால் நேராகப் போகும். கௌஜ் வாய் குழிவாக இருக்கும்.

இந்த "ஒரே அளவு" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அதிகம் தேய்த்துச் சாணை பிடித்தால் ஆஸ்டியோடோம் பாதி சிசல் ஆகிவிடும். பார்வைக்குக் கூராகத்தான் இருக்கும். எலும்புக்குள் போனதும் ஒதுங்கும்.

மூக்கெலும்பு மெல்லிசுதானே? கூர் கொஞ்சம் குறைந்தால் என்ன?

மெல்லிசு என்பதால்தான் கூர் வேண்டும். பக்கவாட்டு வெட்டு போகும் பாதையில் எலும்பு சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். புருவத்துக்கு நடுவே போகப் போகத் தடிக்கும். கூரான வாய் படும்போது நம் தட்டின் முழு பலமும் நூல் மாதிரி ஒரு கோட்டில் இறங்குகிறது, எலும்பு அந்தக் கோட்டிலேயே பிளக்கிறது. வாய் உருண்டுபோனால் அதே பலம் பரவிவிடும். உளி வெட்டுவதை விட்டு, ஆப்பு மாதிரி எலும்பைத் தள்ளும். மெல்லிய எலும்பைத் தள்ளினால் அது தனக்கு எங்கே பலவீனமோ அங்கே உடையும், நாம் நினைத்த இடத்தில் உடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்தது. டாக்டர் உளியைப் பிடித்திருந்தார், நான் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டுக்கு நகர வேண்டிய உளி ஐந்து தட்டியும் நகரவில்லை. "சிஸ்டர், கொஞ்சம் பலமா" என்றார். பலமாகத் தட்டினேன். சடக்கென்று ஒரு சத்தம், உளி ஒரேயடியாக உள்ளே போனது. வெளியே தோலின் மேல் விரல் வைத்துத் தடவிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. ஒரு கோடாக வெட்டுப்பட வேண்டிய எலும்பு மூன்று துண்டாக நொறுங்கியிருந்தது. துண்டுகளைப் பொருத்தி, உள்ளே துணித்திரி வைத்து அடைத்து, மேலே ஸ்ப்ளின்ட் போட்டார். நல்லவேளையாக நேராகக் கூடியது. அன்று சாயங்காலம் அந்த உளியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாயின் நடுவில் வெள்ளைக் கோடு, ஒரு ஓரத்தில் சில்லு பெயர்ந்து சின்னப் பல் விழுந்திருந்தது. காலையில் அந்த ட்ரேக்கு டிக் போட்டது நான்தான்.

மழுங்கிய உளியால் நோயாளிக்கு என்னென்ன வரலாம்?

எலும்பு நொறுங்குவது ஒன்று. விரிசல் பாதை மாறிப் போவது இன்னொன்று. விரிசல் மேலே நெற்றியெலும்புக்குள் ஏறிவிட்டால், கீழே அழுத்தும்போது மேல் நுனி ஏற்றப்பலகை மாதிரி வெளியே தூக்கும். ராக்கர் என்பார்கள். அதிகமாகத் தட்டும்போது வழுக்குவதற்கும் வாய்ப்புக் கூடும். பக்கத்திலேயே கண்ணின் உள்மூலை, கண்ணீர்ப்பை, கண்ணோரத்து ரத்தக்குழாய் எல்லாம் இருக்கின்றன. உள்பக்கம் எலும்பை ஒட்டியிருக்கும் சவ்வு கிழிந்தால் ரத்தம் அதிகம் வரும், வீக்கம் கூடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போனால் உளி மழுங்கல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல கூரான உளியால், அனுபவமுள்ள கை வெட்டினாலும் கண் கறுக்கும். ரத்த அழுத்தம், உளியின் அகலம், வெட்டின் இடம், சாப்பிட்டு வரும் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகள் என்று காரணங்கள் நிறைய. நம் கையில் இருக்கிற காரணத்தையாவது நாம் சரி செய்து வைக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

தட்டும்போதே மழுக்கம் தெரியுமா?

தெரியும். கூரான உளி ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, சீராக நகரும். சத்தமும் ஒரே மாதிரி இருக்கும். மேலே தடித்த எலும்பைத் தொட்டதும் சத்தம் மாறி, கெட்டியாகக் கேட்கும். நிறுத்த வேண்டிய இடத்தை அந்தச் சத்தம்தான் சொல்லும். மழுங்கிய உளியில் முதல் தட்டிலிருந்தே சத்தம் கெட்டிதான், அதனால் எல்லை வந்ததும் காதுக்குத் தெரியாது. வழக்கத்தைவிட பலம் வேண்டியிருக்கிறது என்று தோன்றினால் அந்த உளியை வாங்கி வைத்துவிட்டு வேறொன்று கொடுங்கள். "சார், இது மழுங்கியிருக்கு, மாத்தித் தர்றேன்" என்று சொன்னதற்காக எந்த டாக்டரும் என்னைத் திட்டியதில்லை.

உளி எதனால் மழுங்குகிறது?

எலும்பை வெட்டுவதால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் நான் பார்த்தவரை ட்ரேயில் நடக்கும் சேதம் அதைவிடக் குறைவில்லை.

உளியின் வாய் இன்னொரு இரும்பின் மேல் பட்டாலே அதன் நுனி மடங்கும். ஆபரேஷன் முடிந்ததும் சுத்தியல், ராஸ்ப் (எலும்பு தேய்க்கும் அரம்), ஃபோர்செப்ஸ் எல்லாவற்றோடும் ஒரே கிட்னி ட்ரேயில் கொட்டுகிறோம். அங்கேயே பாதிக் கூர் போய்விடும். கழுவும் இடத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மீதி. அல்ட்ராசானிக் தொட்டியில் ஒன்றோடொன்று உரசும்படி குவித்துப் போட்டாலும் இதே கதைதான்.

அடுத்தது உப்பு. ரத்தம் காய்ந்துவிடக் கூடாதென்று சலைனில் ஊறப்போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இந்த உளிகள் கடினப்படுத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் 13 சதவீதம் போலக் குரோமியம் இருக்கும். அந்தக் குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி போடும். பிளீச்சிங் கரைசலும் அதையேதான் செய்யும். கைப்பிடியில் ஒரு குழி விழுந்தால் பரவாயில்லை. வாயில் விழுந்தால் அது ஒரு பல். காய்ந்த ரத்தத்திலும் உப்பு உண்டு என்பதால் அப்படியே போட்டு வைப்பதும் தப்பு. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உடனே துடைத்து, ஈரமாக மூடி அனுப்புங்கள், போதும்.

அப்புறம் ஒரு விஷயம். செப்டோபிளாஸ்டியில் அடி முள் எடுக்கும் இடத்து எலும்பு கெட்டியானது. அதற்கு ரைனோபிளாஸ்டி (மூக்கின் வடிவத்தைச் சரிசெய்யும் ஆபரேஷன்) உளியை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த வேலைக்குக் கில்லியன் கௌஜ் இருக்கிறது, அதைக் கொடுங்கள். 2, 3 மில்லிமீட்டர் மெல்லிய உளிகளைப் பக்கவாட்டு வெட்டுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தால் அவை எத்தனையோ நாள் கூடுதலாக உழைக்கும்.

ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சூட்டில் கூர் போய்விடும் என்கிறார்களே?

சூட்டினால் இல்லை. 121 டிகிரியோ 134 டிகிரியோ, அந்தச் சூடு இந்த ஸ்டீலின் கடினத்தை இளக்கப் போதாது. கெடுப்பது ஈரம். சரியாக அலசாமல் உப்போ சோப்போ ஒட்டியிருக்க, நீராவியும் சேர்ந்தால் வாயில் அரிப்பு வரும். உலர்த்தும் சுற்று முடியாமல் பேக்கை வெளியே எடுத்தால் உள்ளேயே ஈரம் தங்கிவிடும். நன்றாக அலசி, உலர்த்தி, வாய்க்கு நீராவி புகும்படி துளையுள்ள சிலிக்கான் உறை மாட்டி அடுக்கினால் ஆட்டோகிளேவைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எத்தனை கேஸுக்கு ஒருமுறை சாணை பிடிக்க வேண்டும்?

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: ஒவ்வொரு கேஸுக்கும் முன்னால் பாருங்கள், தேவைப்பட்டால் பிடியுங்கள். இருபது வயதுப் பையனின் தடித்த எலும்பில் இரண்டு பக்கமும் வெட்டிய உளி ஒரே கேஸில் மழுங்கலாம். மெல்லிய எலும்பில் மூன்று கேஸ் தாங்கலாம். முழுக்க மழுங்கிய பிறகு பிடித்தால் நிறைய உலோகத்தைத் தேய்க்க வேண்டிவரும், உளியின் ஆயுள் குறையும். லேசாக இருக்கும்போதே நாலு இழுப்பு இழுத்துவிட்டால் வாய் அப்படியே நிற்கும்.

கூர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் வெளிச்சம். உளியின் வாயை உங்களுக்கு நேராகத் திருப்பி, விளக்கடியில் மெதுவாக அசையுங்கள். கூரான விளிம்பில் ஒளி தங்க இடமில்லை, அது கறுப்பாகவே தெரியும். மழுங்கின இடம் வெள்ளைக் கோடாக மின்னும், பல் விழுந்த இடம் பொட்டாக மின்னும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள், நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அதே லென்ஸ்தான்.

அடுத்து, பிளாஸ்டிக் குச்சி. பல் மருத்துவர்கள் ஸ்கேலர் (பல் காறை சுரண்டும் கருவி) கூர் பார்க்க வைத்திருக்கும் சின்ன அக்ரிலிக் குச்சியின் மேல், அழுத்தாமல் சாய்த்து வைத்தால் கூரான வாய் பிடித்துக்கொள்ளும். மழுங்கினது வழுக்கும். வாயின் இரண்டு மூலை, நடு, மூன்று இடத்திலும் பாருங்கள். பழைய ஆட்கள் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கணிப்பு சரியாகத்தான் இருக்கும், ஆனால் நோயாளி மேல் பட்ட கருவியை நகத்தில் வைப்பதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். இவையெல்லாம் ஸ்டெரிலைஸ் செய்வதற்கு முன், கழுவி உலர்ந்த பிறகு செய்ய வேண்டியவை.

சாணை பிடிக்கும் முறை?

நான் பயன்படுத்துவது அர்க்கன்சா கல். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், இயற்கையான, நைசான கல். வாயில் பல் விழுந்திருந்தால் மட்டும் முதலில் கொஞ்சம் கரடான கல்லில் தேய்ப்பேன். கல்லின் மேல் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய்.

சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிக்கொள்ளுங்கள். சரிவு முழுக்கக் கல்லில் படிகிற மாதிரி வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை ஒரே சீராக அழிந்தால் கோணம் சரி. நுனியில் மட்டும் அழிந்தால் கை உயர்ந்திருக்கிறது, பின்னால் மட்டும் அழிந்தால் தாழ்ந்திருக்கிறது. கம்பெனி கொடுத்த கோணத்தை மாற்றவே கூடாது. கோணம் கூடினால் வாய் தடிக்கும், குறைந்தால் வாய் மெலிந்து எலும்பில் பொடியும்.

கோணம் பிடிபட்டதும் ஒரு பக்கம் ஐந்து இழுப்பு, மறுபக்கம் ஐந்து இழுப்பு. எண்ணிக்கொண்டே செய்யுங்கள், வாய்விட்டு எண்ணினாலும் தப்பில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேறு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் விளிம்பில் மெல்லிய பிசிறு கிளம்பும். அது கூர் மாதிரியே ஏமாற்றும், முதல் தட்டில் மடிந்துவிடும். பக்கத்துக்கு ஒன்றாக, அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்து அதை எடுங்கள். கடைசியில் எண்ணெய் முழுக்கப் போகும்படி சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். எண்ணெய்ப் படலத்தின் அடியில் நீராவி போகாது, அங்கே கிருமி தப்பிவிடும்.

முதலில் ஓரங்கட்டிய பழைய உளியில் பழகுங்கள். எனக்குக் கை பழக ஒரு மாதம் ஆனது.

வெளியே பட்டறையில் கொடுத்துத் தீட்டலாமா?

கருவிகளுக்கென்றே சாணை பிடிக்கும் ஆட்களிடம் கொடுக்கலாம். கத்தி தீட்டும் மோட்டார் சாணையில் வேண்டாம். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் ஸ்டீலின் பதம் போய்விட்டது, எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. திரும்பி வரும் உளியின் வாயில் நிறம் மாறியிருக்கிறதா, இரண்டு சரிவும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காப்பு வைத்த உளியை எப்படித் தீட்டுவது?

ஒரு ஓரத்தில் குமிழ் மாதிரி காப்பு இருக்குமே, டாக்டர் தோலுக்கு மேல் அதை விரலால் தடவிக்கொண்டே உளி போகும் இடத்தை அறிவார். அந்தக் குமிழ் இடிக்கும் என்பதால் அகலக் கல் ஒத்துவராது, குச்சி மாதிரி ஒடுங்கிய கல் வேண்டும். ஒவ்வொரு சாணைக்கும் வாய் கொஞ்சம் பின்வாங்கும், காப்பு இருந்த இடத்திலேயே நிற்கும். காப்பு அளவுக்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டால் அந்த உளியின் வேலை முடிந்தது. காப்பையும் சேர்த்துத் தேய்த்து ஒப்பேற்றாதீர்கள்.

ராஸ்ப்?

அரம். சாணை பிடிக்க முடியாது. பல்லிடுக்கில் எலும்புத்தூள் அடைத்தாலே மழுங்கின மாதிரி இருக்கும், நைலான் பிரஷால் பல்லின் போக்கிலேயே எடுங்கள். எடுத்த பிறகும் வழுக்கினால் மாற்ற வேண்டியதுதான்.

பியெஸோ வந்துவிட்டதே, இனி உளி எதற்கு?

பியெஸோ நல்ல கருவி. இத்தாலியைச் சேர்ந்த வெர்செல்லோட்டி பல் எலும்புக்காகக் கொண்டுவந்தது, பிறகு மூக்குக்கும் வந்தது. நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் நுனி எலும்பை வெட்டும், மெல்லிய சவ்வைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் நுனி உள்ளே நுழைய தோலை அதிகம் பிரிக்க வேண்டும், நேரமும் பணமும் கூடும். அதனால் நிறைய தியேட்டர்களில் இன்னும் உளிதான்.

தேய்மானத்தில் பியெஸோவுக்கும் விலக்கு இல்லை. நுனி தேய்ந்தால் கை தானாக அழுத்தும், அழுத்தினால் சூடேறும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்பு வரும். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் நிற்காமல் பார்ப்பதும், கம்பெனி சொன்ன தடவை முடிந்ததும் நுனியை மாற்றுவதும் நம் வேலை.

வெட்டும்போது முனை உடைந்து உள்ளே போனால்?

உளி கைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் வாயைப் பாருங்கள். முழுதாக இல்லையென்றால் அந்த நொடியே சொல்லுங்கள், தையல் போட்ட பிறகு சொல்வதில் பயனில்லை. துண்டு எக்ஸ்ரேயில் தெரியும். கூர் குறைந்து, பலம் கூட்டித் தட்டும்போதுதான் இதற்கு வாய்ப்பு அதிகம்.

புது உளி வாங்கினால் கவலையில்லையா?

ஜெர்மனியின் டுட்லிங்கனிலிருந்து வந்தாலும், பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வந்தாலும், பெட்டியைப் பிரித்ததும் லென்ஸில் பாருங்கள். புதிது என்பதற்காகக் கூராக இருக்கும் என்று நம்பி ட்ரேயில் வைத்து நான் ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உளிகளும் கிடைக்கின்றன. கூருக்கு உத்தரவாதம், செலவு கூடுதல். அவற்றைக் கழுவி மறுபடி வைப்பது கூடாது.

நான் நோயாளி. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். "எலும்பு வெட்டுவீங்களா டாக்டர், உளியா பியெஸோவா, கருவியெல்லாம் யார் பாத்துக்கறாங்க?" என்று கேட்டால் நல்ல டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்வார். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

கூருக்கு யார் பொறுப்பு? டாக்டரா, சிஸ்டரா, ஸ்டெரிலைஸ் செய்யும் பிரிவா?

எல்லாருக்கும் பொறுப்பு என்று வைத்தால் யாரும் பார்ப்பதில்லை, இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நாங்கள் செய்தது இதுதான்: அந்த ட்ரே தாளில் "ஆஸ்டியோடோம் – 4" என்ற வரிக்குப் பக்கத்தில் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டோம். "கூர் பார்த்தவர்" என்று தலைப்பு, அடியில் கையெழுத்தும் தேதியும். டிக் போட முடியாது, பெயர்தான் எழுத வேண்டும். டாக்டர் கையில் உளி மழுங்கினதாகத் தெரிந்தால், கைப்பிடியில் சிவப்பு டேப் ஒட்டித் தனியாக வைப்போம், அது மறுபடி ட்ரேக்குள் போகாது. முதல் வாரமே நாலில் இரண்டு உளிக்குச் சிவப்பு டேப் விழுந்தது.